கொட்டச்சேட்டுக்கு ஏறிய பழைய மடிக்கணினி

காப்பிச் செடிக்குள் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் புகுந்துவிட்டால், தண்டின் பட்டைமேல் வளைந்து வளைந்து மேடு தட்டும். விரலை ஓட்டினால் உடனே தட்டுப்படும். கண்ணுக்குப் பழக்கம் வேண்டும். அந்த மேட்டை எங்கே தேடுவது, மேடு தட்டிய செடியை ஏன் வேரோடு பிடுங்கி எரிப்பது, நல்ல செடியின் தளர்ந்த பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டால் வண்டுக்கு முட்டையிட இடுக்கு இல்லாமல் போவது எப்படி என்று என் அக்கா பன்னிரண்டு நிமிடம் பேசி ஒரு வீடியோ எடுத்திருந்தாள். ஏற்காட்டுக்குக் குப்பனூர் வழியாக ஏறினால் வரும் கொட்டச்சேட்டிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு சிற்றூரில் அவளுக்கும் மாமாவுக்கும் இரண்டரை ஏக்கர் காப்பியும் மிளகும் இருக்கின்றன. நான்கு ஆண்டுகளில் அவள் எடுத்த வீடியோக்கள் 43. அத்தனையும் ஒரு பெரிய வீடியோ தளத்தில் இருந்தன.

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை அந்தக் கணக்கு பூட்டப்பட்டிருந்தது. விதி மீறல் என்று ஒரு வரி வந்தது. எந்த வீடியோ, எந்த விதி என்று இல்லை. முறையீடு அனுப்பினோம், கால் மணி நேரத்தில் அதே வரி திரும்பி வந்தது. மனிதர் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. கைப்பேசியில் இடம் போதவில்லை என்று மூல வீடியோக்களை அக்கா அவ்வப்போது அழித்துவிட்டிருந்தாள். ஊர்க் குழுக்களில் யார் யாரோ பகிர்ந்த நகல்களைத் தேடிப் பொறுக்கியதில் 11 கிடைத்தன. தண்டுத் துளைப்பான் வீடியோ அவற்றில் ஒன்று. கைமாறிக் கைமாறிச் சுருங்கியதில், பட்டை மெழுகு பூசியதுபோல் வழவழவென்று இருந்தது. அக்கா கைப்பேசியை முகத்தருகே கொண்டுபோய் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள். "மேடு எங்கே தம்பி?" என்றாள்.

சேலம் அஸ்தம்பட்டியில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வருகிற வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் நகல் எடுத்து வைத்தீர்களா என்று கேட்பவன், சொந்த அக்காவிடம் நான்கு ஆண்டுகளாகக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் அக்கா வீட்டிலேயே ஒரு கணினியில் வைக்கும் இந்த வேலை அந்த வருத்தத்தில் தொடங்கியதுதான். வீடியோவோடு நிற்கவில்லை, பிள்ளைகளின் விளையாட்டு, வீட்டில் உள்ள நான்கு கைப்பேசிகளின் செயலிகள் வரை போயிற்று. ஒவ்வொன்றிலும் எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய ஒரே ஒரு கேள்வியைத்தான் கையில் வைத்துக்கொண்டேன்: நாளைக் காலை அவர்கள் கதவைச் சாத்தினால் நம் கையில் என்ன மிஞ்சும்?

முதலில் இயந்திரம். கடையில் ஒரு மடிக்கணினி இரண்டு ஆண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்தது. நான்காம் தலைமுறை ஐ5 பிராசசர், 4 ஜிபி ராம், ஒரு பக்கக் கீல் உடைந்தது. திறந்தபோது தொடுபலகை மேலே எழும்பியிருந்தது. அடியில் பேட்டரி உப்பிவிட்டது என்பதற்கு அது அடையாளம். உப்பிய பேட்டரியை ஸ்குரூடிரைவரால் நெம்பக் கூடாது; ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும். பழைய ஏடிஎம் அட்டை ஒன்றை அடியில் மெல்லச் செலுத்தி, பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்து எடுத்தேன். எடுத்ததை மணல் போட்ட மண்சட்டியில் வைத்து, மறுநாள் மின்கழிவு எடுப்பவரிடம் ஒப்படைத்தேன். புதிய பேட்டரிக்குச் செலவு செய்யத் தயங்கவில்லை. மலையில் மின்சாரம் நாளுக்கு நான்கு முறை வந்து போகும். மடிக்கணினியை சர்வராக, அதாவது மற்றக் கருவிகளுக்குக் கோப்பு தரும் கணினியாக, வைப்பதன் பெரிய லாபமே அதன் பேட்டரிதான், தனியாக யுபிஎஸ் வேண்டாம்.

வெப்பப் பசை காய்ந்து பொருக்காக இருந்தது. துடைத்துப் புதிது வைத்தேன். இன்னொரு 4 ஜிபி ராம் சேர்த்தேன். பழைய 500 ஜிபி ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டேன். கழற்றிய டிஸ்க் நன்றாகவே இருந்தது. அது என் வீட்டில், கன்னங்குறிச்சியில், நகலுக்கு ஆயிற்று. மலைமேல் ஒன்று, கீழே ஒன்று: இடி விழுந்தாலும் இரண்டும் ஒரே நாளில் போகாது.

டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினேன், மேசைத்திரை இல்லாமல், கட்டளை தட்டும் வடிவில். லினக்ஸை நான் கற்றதே தமிழில்தான். 2012 முதல் வரும் கணியம் மின்னிதழின் கட்டுரைகளை அச்செடுத்துக் கடையில் கோப்பாக வைத்திருக்கிறேன். மூடியை மூடினால் மடிக்கணினி உறங்கிவிடும் என்பதை மறந்து ஒரு மாலையை வீணாக்கினேன். மூடி மூடினாலும் கண்டுகொள்ளாதே என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி மாற்றினால் போதும். வேலை இல்லாத நேரத்தில் 12 வாட் இழுத்தது. நாள் முழுவதும் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 17 யூனிட்டுதான். "கரண்டு பில் எவ்வளவு ஏறும்?" என்பதுதான் மாமாவின் முதல் கேள்வி என்று தெரியும், ஏறுவதற்கு முன்பே விடையோடு போனேன்.

வீடியோவுக்கு முதலில் பீர்டியூப் என்ற மென்பொருளைத்தான் முயன்றேன். பிரான்சில் உள்ள ஃப்ராமாசாஃப்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு உருவாக்கியது, 1.0 பதிப்பு 2018 அக்டோபரில் வந்தது. ஒரே நிறுவனத்தின் ஒரே தளம் என்றில்லாமல், யார் வேண்டுமானாலும் தங்கள் சர்வரில் நிறுவலாம். நிறுவியவை ஒன்றையொன்று பின்தொடரலாம். ஒரே வீடியோவைப் பலர் பார்க்கும்போது பார்ப்பவர்களே துண்டுகளைப் பகிர்ந்துகொள்வதால் சர்வரின் சுமையும் குறையும். படித்தபோது மனம் துள்ளியது. நிறுவியபோதுதான் தெரிந்தது, அது ஊருக்குப் பொதுவான மண்டபம். எனக்கு வேண்டியதோ ஒரு திண்ணை. போஸ்ட்கிரஸ், ரெடிஸ், என்ஜின்எக்ஸ் என்று துணை மென்பொருள்களை வரிசையாக நிறுவ வேண்டும். தளத்துக்கு ஒரு டொமைன் பெயர், அதாவது இணைய முகவரி, வேண்டும். அதையும் பிறகு மாற்ற வழியில்லை என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இணையமே எட்டிப் பார்க்காத வீட்டில் டொமைனுக்கு எங்கே போவது? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். மூன்றாம் நாள் அதை நீக்கிவிட்டேன். பீர்டியூபின் குறை அல்ல, நான் தேர்ந்த இடம் தவறு. அதற்கு வேறு வேலை பிறகு கிடைத்தது.

அடுத்து ஜெல்லிஃபின். எம்பி (Emby) என்ற மென்பொருள் மூலநிரலை மூடிக்கொண்டபோது, 2018 டிசம்பரில், கடைசித் திறந்த பதிப்பிலிருந்து தன்னார்வலர்கள் பிரித்து வளர்த்தது இது. பிரிந்து வந்த கதையே எனக்குப் பிடித்திருந்தது: நிரல் திறந்திருந்தால், கதவைச் சாத்தினாலும் ஆட்கள் வெளியே வந்து வேறு வீடு கட்டிக்கொள்ள முடிகிறது. ஒரு கோப்புறையைக் காட்டினால் போதும், அதில் உள்ள வீடியோக்களை வீட்டு வைஃபையில் உள்ள எந்தக் கைப்பேசியிலும் காட்டும். வீடியோக் கோப்பு கோப்பாகவே இருக்கும். ஜெல்லிஃபினை நாளை நீக்கினாலும் கோப்புறை அப்படியே நிற்கும். என் கேள்விக்கு அதைவிட நேரான விடை இல்லை.

ஒரு சிக்கல் வந்தது. அக்காவின் கைப்பேசி எச்.265 என்ற வீடியோச் சுருக்க முறையில் பதிவு செய்கிறது. வீட்டில் உள்ள மற்ற பழைய கைப்பேசிகளின் உலாவிகளால் அதைத் திறக்க முடியவில்லை. உடனே சர்வர் தானே எச்.264 என்ற பழைய முறைக்கு மாற்றிக் கொடுக்க முனைந்தது. அந்தக் காலத்து பிராசசருக்கு எச்.265-ஐப் பிரிக்கும் தனிச் சுற்று கிடையாது; விசிறி கூரைக்கு ஏறுவதுபோல் இரைந்தது, படமோ திக்கித் திக்கி வந்தது. எனவே வீடியோக்களைச் சேலத்திலேயே எச்.264-க்கு மாற்றி ஏற்றுவது என்று முடிவாயிற்று. கருவி, எஃப்எஃப்எம்பெக்.

இந்த இடத்தில்தான் அதிக நாட்கள் செலவழித்தேன், செலவழித்ததும் சரிதான். மாமா மிளகு விற்கச் சேலம் லீ பஜாருக்கு வந்தபோது மெமரி கார்டில் ஒரு சோதனைப் படம் கொண்டுவந்தார்: துளைப்பான் புகுந்த ஒரு செடி, ஒரு நிமிடம், 75 எம்பி. அதை 720 வரித் தரத்துக்கு இறக்கி, சிஆர்எஃப் என்ற தர அளவை 28 வைத்தேன். அந்த எண் ஏற ஏறக் கோப்பு சிறுக்கும், நுணுக்கம் கரையும். 9 எம்பி வந்தது. செடி தெரிந்தது, கை தெரிந்தது, மேடு இல்லை. குழுக்களில் சுற்றிய அந்த மெழுகுப் பட்டையேதான். 23 வைத்தேன், மேடு வந்தது, ஆனால் 20 எம்பி. பன்னிரண்டு நிமிடத்துக்கு 240 எம்பி. 43 வீடியோவையும் மறுபடி எடுத்தால் 10 ஜிபி. எஸ்எஸ்டிக்கு அது ஒரு பொருட்டல்ல. ஆனால் பக்கத்துத் தோட்டக்காரர்கள் தங்கள் கைப்பேசிக்கு ஏற்றிக்கொண்டு போக வேண்டுமே. 32 ஜிபி கைப்பேசியில் ஏற்கெனவே மூச்சு முட்டுகிறவர்கள்.

இடம் எங்கே போகிறது என்று படத்தை ஒவ்வொரு சட்டமாக (ஃபிரேம்) நகர்த்திப் பார்த்தேன். செடிக்குப் பின்னால் சில்வர் ஓக் இலைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. ஆடும் இலை ஒவ்வொன்றும் சட்டத்துக்குச் சட்டம் மாறுகிறது. சுருக்கும் மென்பொருள் அத்தனையையும் மாய்ந்து மாய்ந்து எழுதி வைக்கிறது. நமக்கு வேண்டிய தண்டு அசையவே இல்லை, ஆனால் இடத்தில் பெரும்பகுதி பின்னணிக்குப் போயிற்று. அக்காவிடம் சொன்னேன்: "செடிக்குப் பின்னால் மாமாவின் பழைய வேட்டியைக் கட்டிவிட்டு எடுத்துப் பார்." அடுத்த கார்டில் வந்த படம் அதே 23 அளவில் 12 எம்பி. மேடும் முன்னைவிடத் தெளிவு, வெள்ளைப் பின்னணியில் பட்டையின் விளிம்பு நறுக்கென்று நின்றது. வேறு தளத்துக்கு மாறுகிறவர்கள் மென்பொருளைப் பற்றியே பேசுகிறார்கள்; படம் பிடிக்கும் விதத்தை மாற்றியதில் எனக்குக் கிடைத்த மிச்சம் எந்த மென்பொருளிலும் கிடைக்கவில்லை.

மார்கழியில், அரையாண்டு விடுமுறையில், ஏறினேன். மடிக்கணினியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். ஊரில் பேருந்து நிறுத்தத்துக்கு மேலே உள்ள பாறையருகே மட்டும் இரண்டு கோடு சிக்னல் வரும். வீட்டில் ஒன்றும் இல்லை. கடையில் கிடந்த ஒரு ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருளை ஏற்றிக் கொண்டுபோயிருந்தேன். இணையம் இல்லாவிட்டாலும் வைஃபை தரும், மடிக்கணினிக்கு எப்போதும் ஒரே முகவரி தரும்: 192.168.1.10. இரண்டையும் அரிசி டிரம்முக்கு மேல் உள்ள பலகையில் வைத்தோம். அடுப்புக்கு மேல் உள்ள பரண் வேண்டாம் என்றேன். புகைக் கரி விசிறியை ஒரு மழைக்காலத்தில் அடைத்துவிடும். மார்கழிப் பனியில் சுவர் வியர்க்கிறது. இயந்திரம் ஓடிக்கொண்டே இருப்பது நல்லது, அதன் சூட்டில் ஈரம் தங்காது. சித்திரை வைகாசி இடிக்கு மட்டும் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும் என்று அத்தையிடம், அதாவது அக்காவின் மாமியாரிடம், சொல்லி வைத்தேன். அந்த வீட்டில் இடி வரும் முன் ஆட்டைப் பிடித்துக் கட்டுகிறவர் அவர்தான். இதையும் மறக்க மாட்டார்.

நான் எதிர்பாராத தொல்லை ஒன்று: கைப்பேசிகள் இந்த வைஃபையில் சேர மறுத்தன. சேர்ந்தாலும், இங்கே இணையம் இல்லை என்று கண்டுபிடித்து, வைஃபையை விட்டுவிட்டு மொபைல் டேட்டாவையே தேடும். பிறகு சர்வர் முகவரி திறக்காது. இணையம் இல்லாவிட்டாலும் இணைப்பிலேயே இரு, மறுபடி கேட்காதே என்று ஒவ்வொரு கைப்பேசியிலும் ஒருமுறை சொல்ல வேண்டும். சிலவற்றில் தானாக மொபைல் டேட்டாவுக்கு மாறும் வசதியையும் அணைக்க வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்களுக்காக, கியூஆர் கட்டத்தோடு இந்த இரண்டு வரிகளையும் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கதவின் உட்புறம் ஒட்டினேன். இது இல்லாவிட்டால் மொத்த வேலையும் வீண். முதல் நாள் வந்த மூன்று பேரும் திறக்கவில்லை என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

இனி விளையாட்டு. அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள்: பெரியவளுக்கு 13, சின்னவனுக்கு 10. அவர்கள் கைப்பேசியில் இருந்தவை எல்லாம் இரண்டு நிமிடத்துக்கு ஒரு விளம்பரமும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு "வாங்கு" பொத்தானும் உள்ளவை. லுவான்டி ஏற்றிக் கொடுத்தேன். 2010-இல் மைன்டெஸ்ட் என்ற பெயரில் தொடங்கி, 2024 அக்டோபரில் பெயர் மாறியது. கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் விளையாட்டுக்கான அடித்தளம் அது. அதன்மேல் வாக்செலிப்ரே போன்ற விளையாட்டுகளை ஏற்றிக்கொள்ளலாம். டெபியனில் கிடைத்த பதிப்பு பழையது. புதியதைத் தனியாக இறக்கி மடிக்கணினியில் சர்வராக ஓட்டினேன். ஆண்ட்ராய்டுக்கான செயலி எஃப்-டிராய்டு என்ற செயலிக் களஞ்சியத்தில் கிடைக்கிறது. சர்வரோடு இணைய வழக்கமான வாயில் எண் (போர்ட்) 30000. இணையமில்லாமல், அந்த வீட்டுக்குள்ளேயே நான்கு பேர் ஒரே உலகத்தில் கட்டலாம்.

முதல் நாள் அரைமனதாக ஆடினார்கள். பள்ளியில் எல்லாரும் ஆடும் சுடும் விளையாட்டு இதில் இல்லை என்று சின்னவன் நேராகவே சொன்னான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. விளையாட்டைவிட அதில் இருக்கும் நண்பர்கள்தான் அவனுக்கு முக்கியம், அவர்களை நான் எஃப்-டிராய்டில் இறக்கித் தர முடியாது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் வந்து சேர்ந்த பிறகுதான் அது பிடித்தது. காப்பிக் களம் கட்டினார்கள், தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள், பிறகு சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணி எண்ணிக் கட்டத் தொடங்கினார்கள். பன்னிரண்டாவது வளைவு மலைக்குள் போய்விட்டது என்று பெரியவள் இரவு பத்து மணிக்கு இடித்துத் திருப்பிக் கட்டினாள். அந்த உலகம் முழுவதும் சர்வரில் ஒரே ஒரு கோப்புறை. விடுமுறை முடிந்து சேலத்து விடுதிக்குத் திரும்பிய பக்கத்து வீட்டுப் பையனுக்கு அதை அப்படியே பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மலையை இறங்கினான்.

கணினி விளையாட்டுகளைப் பணம் கொடுத்து வாங்குகிறவர்கள் என் கடைக்கு நிறைய வருகிறார்கள். அவர்களுக்கும் இதே கேள்விதான். 2014-இல் வந்த "தி க்ரூ" என்ற பந்தய விளையாட்டின் சர்வர்களை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-ஆம் தேதி நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதன்பிறகு ஆட முடியவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடை தன் கட்டணப் பக்கத்தில், நீங்கள் பெறுவது உரிமம் மட்டுமே என்ற வரியைச் சேர்த்தது. 2008-இல் தொடங்கிய ஜிஓஜி என்ற கடையில் வாங்கினால் நிறுவும் கோப்பையே இறக்கி டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம், பூட்டு இல்லை. இட்ச்.ஐஓ என்ற விளையாட்டுத் தளத்தில், தளத்துக்கு எத்தனை சதவீதம் என்பதை விளையாட்டைச் செய்தவரே தீர்மானிக்கிறார். இரண்டையும் தைரியமாகச் சொல்கிறேன். எல்லா விளையாட்டும் அங்கே கிடைக்காது என்பதையும் சேர்த்துத்தான்.

செயலிகளில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். எஃப்-டிராய்டு 2010 முதல் இருக்கும் செயலிக் களஞ்சியம். மூலநிரல் திறந்திருக்கும் செயலிகளை மட்டுமே சேர்த்து, பெரும்பாலும் அந்த நிரலிலிருந்து தாங்களே கட்டி, கட்டியவர் யார் என்று காட்டும் தங்கள் மின் கையொப்பத்தோடு தருகிறார்கள். வேவு பார்க்கும் பகுதியோ, நிரல் மூடிய மென்பொருளைச் சார்ந்த பகுதியோ இருந்தால் செயலியின் பக்கத்திலேயே எச்சரிக்கை போடுகிறார்கள். அந்தக் கையொப்பம்தான் எனக்குக் கண்ணியாயிற்று. அக்கா பழம் பறிப்பவர்களின் கணக்கை, யார் எத்தனை கிலோ என்று, ஒரு குறிப்புச் செயலியில் எழுதி வந்தாள். அதே செயலி எஃப்-டிராய்டிலும் இருந்தது. அதையே அங்கிருந்து போட்டுவிடலாம் என்று நினைத்தேன். கைப்பேசி ஏற்கவில்லை: பெயர் ஒன்று, கையொப்பம் வேறு. பழையதை நீக்கிவிட்டுப் போட வேண்டியதுதான் என்று நீக்கினேன். நீக்கிய அந்த நொடியில் ஐந்து வாரக் கூலிக் கணக்கு போயிற்று. உள்ளே இருந்ததை முதலில் வெளியே எடுக்க வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. இந்த வேலையைத் தொடங்கிய காரணத்தையே நான் மறந்துபோன நொடி அது.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அத்தை எழுந்து உள்ளே போய், ஆணியில் குத்தி வைத்திருந்த தினசரி நாட்காட்டித் தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தார். கிழித்த தாள் ஒவ்வொன்றின் பின்னாலும் அன்றைய கிலோவைப் பென்சிலில் எழுதியிருந்தார். அவருக்கு இயந்திரத்தில் நம்பிக்கை இல்லாமல் இல்லை. நாற்பது ஆண்டுப் பழக்கம். இரவு முழுவதும் அவர் படிக்கப் படிக்க நான் தட்டச்சு செய்தேன். இந்த முறை மார்க்கர் என்ற செயலியில்; அது எழுதுவதை வெறும் எழுத்துக் கோப்பாகவே சேமிக்கிறது, எந்தக் கணினியிலும் திறக்கும். வாரத்துக்கு ஒருமுறை அந்தக் கோப்பு வீட்டு சர்வருக்கு நகலாகிறது. தாள்கள் ஆணியிலேயே தொடர்கின்றன.

மற்றவை சட்டென்று முடிந்தன. வரைபடத்துக்கு ஆர்கானிக் மேப்ஸ். ஒருமுறை இறக்கிவிட்டால் சிக்னல் வேண்டாம். செலவுக் கணக்குக்கு மை எக்ஸ்பென்சஸ். இந்தச் செயலிகளையும் அவற்றின் புதுப்பிப்புகளையும் மடிக்கணினியிலேயே ஒரு சிறு களஞ்சியமாக அமைத்தேன். எஃப்-டிராய்டு தரும் சர்வர் கருவி இதைச் செய்கிறது. முதலில் உருவாகும் சாவிக் கோப்பைத் தொலைத்தால் கைப்பேசிகள் களஞ்சியத்தை நம்பாது; அதையும் கன்னங்குறிச்சி டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். விசைப்பலகையில் தோற்றேன். ஹெலிபோர்டு இணைய அனுமதியே கேட்காத நல்ல விசைப்பலகை, தமிழும் இருக்கிறது. ஆனால் அக்கா தட்டச்சு செய்வதில்லை, பேசித்தான் எழுதுகிறாள். தோட்டத்தில் மண் கையோடு நிற்பவளிடம் எழுத்தைத் தேடித் தட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழைய விசைப்பலகையே இருக்கிறது. வங்கிச் செயலியும் யுபிஐ-யும் அப்படியே.

ஃபோன்பே 2024 பிப்ரவரியில் தொடங்கிய இண்டஸ் ஆப்ஸ்டோரையும் பார்த்தேன். 12 இந்திய மொழிகளில் கிடைப்பது நல்ல காரியம். என் கேள்விக்கு மட்டும் அது விடை அல்ல. ஒரு கடைக்குப் பதில் இன்னொரு கடை. இந்தியப் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டில் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கடைகள் பெருக வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்ததுதான் என்னை உறுத்துகிறது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளிலும், எங்கிருந்து நிறுவினாலும் செயலியைச் செய்தவர் தங்களிடம் அடையாளம் பதிந்திருக்க வேண்டும் என்றார்கள். எஃப்-டிராய்டு வெளிப்படையாக எதிர்த்தது. விவரம் அறிந்தவர்கள் எச்சரிக்கையை ஏற்று நிறுவ ஒரு வழி வைப்போம் என்று பிறகு சொல்லியிருக்கிறார்கள். அந்த வழி அத்தையின் கைப்பேசியில் எத்தனை திரை தாண்டி இருக்கும் என்பதைப் பொறுத்தே இந்த மலை வீட்டுக் களஞ்சியத்தின் ஆயுள்.

பீர்டியூபுக்குக் கிடைத்த வேலை இதுதான். வீட்டுக்கு வெளியே இருப்பவர்களும் பார்க்க வேண்டும் அல்லவா? ஏற்கெனவே நடக்கும் ஒரு பீர்டியூப் சர்வரில் அக்காவுக்குக் கணக்குத் திறந்தேன். யார் நடத்துகிறார்கள், எவ்வளவு இடம் தருகிறார்கள், கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று மூன்றையும் பார்த்த பிறகு. ஒரு மாதத்தில், அங்கே ஏற்றிய மூன்று வீடியோவுக்கும் சேர்த்து 17 பார்வை. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்திலும் ஏற்றினேன். 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலால் அதுவே சில நாட்கள் முடங்கிக் கிடந்தது நினைவிருப்பதால், அதை மட்டும் நம்பவில்லை.

பழைய பெரிய தளத்தில் புதிய கணக்கு திறக்க வேண்டும் என்று அக்கா கேட்டபோது நான் மறுத்தேன். "கொல்லிமலையில் இருக்கிறவர் அங்கேதான் தேடுவார். உன் கொள்கைக்காக அவர் செடி சாக வேண்டுமா?" என்றாள். அவள் சொன்னது சரி. லீ பஜாரில் கடை வைத்திருப்பவர் மூட்டையை எல்லாம் கடை வாசலிலா அடுக்குகிறார்? கடையில் மாதிரி இருக்கும், சரக்கு கிடங்கில் இருக்கும். பெரிய தளம் இப்போது அவளுக்குக் கடை வாசல். ஒவ்வொரு வீடியோவின் தொடக்கத்திலும், இது வேறு இடங்களிலும் கிடைக்கும், வீட்டுக்கு வந்தால் கைப்பேசியில் ஏற்றித் தருவோம் என்று சொல்கிறாள். கிடங்கு அரிசி டிரம்முக்கு மேலே ஓடுகிறது.

தை மாதத்தில் ஒரு மாலை, மூன்று வளைவு தள்ளித் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். கதவில் ஒட்டியதைப் படித்து அவரே இணைத்துக்கொண்டார். புதிதாக எடுத்த தண்டுத் துளைப்பான் வீடியோவை ஏழாவது நிமிடத்தில் நிறுத்தி, வேட்டிக்கு முன்னால் நிற்கும் தண்டை இரண்டு விரலால் பெரிதாக்கி, கைப்பேசியின் கண்ணாடிமேலேயே விரலை ஓட்டிப் பார்த்தார். டார்ச் இருக்கிறதா என்று மாமாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இழந்த 32-இல் இதுவரை 9 மறுபடி எடுத்தாயிற்று. கவாத்து வீடியோக்களுக்கு அறுவடை முடிய வேண்டும், காப்பி பூக்க வைக்கும் பூ மழைக்கானவை பங்குனியில். மாசியில் நான் மறுபடி ஏறுகிறேன்; இன்னொரு ரவுட்டர் எடுத்துக்கொண்டு, அந்தப் பெரியவர் வீட்டுக்கும் ஒன்று அமைத்துத் தர.